அமைதியாகத் தெரிகிற கடலை நம்பாதீர்கள்!

"அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க மருமகன் கேட்பான். போகக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லிடுங்க!"

ஆரணியில் என் வைத்தியசாலையில் கூட்டம் குறைகிற மாலை நேரம். என் தங்கை மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரே கலவரம். காய்ச்சலோ என்று நாடி பார்க்கக் கையை நீட்டினேன்.

"எனக்கு ஒண்ணுமில்லேண்ணா. பையன்தான். முதுகிலே ஒரு பையை மாட்டிக்கிட்டு மாமல்லபுரம் போறானாம். நாலு நாள் தங்கி, கடல்லே பலகை மேலே ஏறி நின்னு அலையிலே சறுக்கக் கத்துக்கப் போறானாம். கேட்டா, சர்ஃபிங்னு பேர் சொல்றான்!"

அவளுடைய பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும். 2003-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், தெருக்காரர்கள் சேர்ந்து வேன் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். கட்டுச்சோறு, தண்ணீர்க் குடம், குழந்தைகளின் கும்மாளம்... போகும்போது பதினெட்டுப் பேர். திரும்பும்போது பதினேழு பேர். நெசவாளி வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவன், கடலோடு போய்விட்டான். அன்றிலிருந்து எங்கள் தெருவில் கடல் என்ற பேச்சை எடுத்தாலே தாய்மார்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

"வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி, நானே அவன்கூடப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன்.

தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐம்பது வயசுக்கு மேலே நீங்களுமா?"

சென்ற பிப்ரவரியில் இப்படித்தான் நானும் ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தறிக்குழியும் கம்ப்யூட்டரும்

அவனுக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் அப்பா பட்டு நெசவாளி. காலையில் குழித்தறியில் உட்கார்ந்தால், கால் இரண்டும் குழிக்குள் மிதிக்கும், கைகள் நாடாவை ஓட்டும், முதுகும் கழுத்தும் முன்னால் வளைந்தே இருக்கும். ஆரணியில் என்னிடம் வருகிறவர்களில் கழுத்து வலி, தோள் பிடிப்பு, இடுப்பு வலி என்று சொல்லாத நெசவாளி அபூர்வம். கழுத்தெலும்புத் தேய்மானத்தைச் சித்த மருத்துவத்தில் சகன வாதம் என்போம்.

மகன் தறியில் உட்காரவில்லை. இன்ஜினீயரிங் முடித்து, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான். வயது 23. ஆனால் வலி என்னவோ அப்பாவுக்கு வந்த அதே வலிதான்! அப்பா பாவு மேல் குனிந்தார். மகன் திரை மேல் குனிகிறான். தைலம் தடவினேன், பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தேன். "ஒரே ரூம்ல தனியா எக்சர்சைஸ் பண்ண போரடிக்குது மாமா" என்றான். அலைச்சறுக்கில் நெஞ்சைத் தூக்கிக் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவ வேண்டும் என்று எங்கேயோ பார்த்திருக்கிறான். யோசித்தால், அது தறியில் குனிவதற்கு நேர் எதிரான நிலை. கிட்டத்தட்ட புஜங்காசனம். பையன் சொன்னதில் விஷயம் இருக்கத்தான் செய்தது.

அவசரமே இல்லாத தெரு

ஆரணியிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு, பிறகு மாமல்லபுரம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒத்தவாடைத் தெரு. பையை முதுகில் சுமந்து ஊர் சுற்றும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தெரு. சின்னச் சின்ன விடுதிகள், மீன் பொரிக்கும் வாசனை, வாசலில் சாய்த்து வைத்த நீளநீளமான பலகைகள். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்பது போல, அந்த ஊரில் எங்கு திரும்பினாலும் சிற்பிகளின் உளிச்சத்தம்.

அந்தத் தெருவில் யாருக்கும் அவசரம் இல்லை. ஒரு டீயை அரைமணி நேரம் குடிக்கிறார்கள்! 'இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?' என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. அலைச்சறுக்கில் பாதிக்கு மேல் காத்திருப்புதான். நமக்கு வேண்டிய அலை வரும்போதுதான் வரும். பரபரப்புக்காரனுக்கு அங்கே இடமில்லை. ரத்தக்கொதிப்புக்கு மருந்து வாங்க வரும் பலருக்கு "கொஞ்சம் சும்மா இருக்கப் பழகுங்க" என்று சொல்கிற நான், சும்மா இருந்து பல வருடம் ஆகியிருந்தது.

கட்டுமரம் அறிந்த கலை

அலைமேல் நிற்கும் கலை ஹவாய் முதலான பசிபிக் தீவுகளில் பிறந்தது. ஹவாய்த் தீவைச் சேர்ந்த ட்யூக் கஹானமோக்கு 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். அவர்தான் இதை உலகமெங்கும் கொண்டு சென்றார். கொரோனாவால் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகப் போட்டியாகவே சேர்ந்தது.

நம் மீனவர்களுக்கும் இது அந்நியமல்ல. கட்டுமரத்தைக் கரைசேர்க்கும்போது அலை எழும் நேரம் பார்த்து, அதன் முதுகில் ஏறித்தானே வருகிறார்கள்! ஆங்கிலேயர்கள் 'கேட்டமரான்' என்ற சொல்லையே நம் கட்டுமரத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், நண்பர்களின் துணையோடு 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. அதில் நம் நாட்டின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு மீனவ இளைஞர்தான். முதல் கேள்வியே, "நீச்சல் தெரியுமா சார்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சின்ன வயசுலே கிணத்துல குதிச்சவன் தம்பி. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில படிக்கும்போது தாமிரபரணியிலேயே நீந்தியிருக்கேன்."

"கிணறு வேற, ஆறு வேற, கடல் வேற சார்" என்று சிரித்தார். மருமகன் சென்னையில் படித்தபோது நீச்சல் குளத்தில் கற்றவன். நீச்சல் தெரியாதவர்களை அவர் ஆழத்துக்கு அழைத்துப் போவதே இல்லையாம்.

மணலில் முதல் பாடம்

முதல் ஒரு மணி நேரம் தண்ணீரிலேயே இறங்கவில்லை. மணலில் பலகை போலக் கோடு கிழித்து, அதில் குப்புறப் படுக்கச் சொன்னார். கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே எழும்பலில் இரண்டு பாதங்களையும் பலகை நடுவில் வைத்து, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். பார்வை காலில் இருக்கக் கூடாது. போகிற திசையில் இருக்க வேண்டும். மருமகன் ஐந்தே தடவையில் பிடித்துக்கொண்டான். நான் இருபது தடவை எழுந்தேன். சட்டை நனைந்துவிட்டது, கடல் நீரால் அல்ல!

கற்றுக்குட்டிகளுக்குத் தருவது எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேல்பக்கம் மெத்தென்ற பலகை. அதிலிருந்து ஒரு கயிறு நம் கணுக்காலில் மாட்டப்படும். விழுந்தாலும் பலகை நம்மை விட்டுப் போகாது. இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து நுரைத்து வரும் சின்ன அலைகளில்தான் முதல் பயிற்சி.

விழுவதற்கும் முறை இருக்கிறது. தலைகுப்புறப் பாயவே கூடாது. அடியில் மணல்திட்டு இருந்தால் கழுத்தெலும்பு முறியும். உடம்பைப் பரப்பித் தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பலகைக்கும் கரைக்கும் நடுவில் நிற்கக் கூடாது. அடுத்த அலை பலகையைத் தூக்கி நம்மேலேயே அடித்துவிடும்.

முதல் நாள் முழங்காலில் நின்றேன். மூன்றாம் நாள், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இரண்டு காலிலும் நின்றேன். அந்த ஒரு மூச்சில் வயசும் நினைவில்லை, முழங்கால் வலியும் நினைவில்லை. மருமகன் கரைவரைக்கும் நின்றே வந்தான்.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

அலை இல்லாத இடம்

இரண்டாம் நாள் காலை. தண்ணீரில் இறங்கும் முன் அந்த இளைஞர் எங்களைக் கரையிலேயே நிறுத்தினார். "சார், இந்தக் கடலைப் பாருங்க. குடும்பத்தோட வந்தா எந்த இடத்துல இறங்குவீங்க?"

இடது பக்கம் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. வலது பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும் ஒரு பாதை போல, அலையே உடையாமல், கொஞ்சம் கறுத்த நிறத்தில் தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. நான் சந்தேகமே இல்லாமல் அந்த நடு இடத்தைக் காட்டினேன்.

"அங்கதான் சார் இழுத்துட்டுப் போகும்" என்றார்.

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது.

நம் ஊர்க் கழனியை நினைத்துக்கொள்ளுங்கள். வயல் நிறையத் தண்ணீர் நிற்கிறது. வரப்பு ஓரிடத்தில் உடைந்தால் என்ன ஆகும்? அவ்வளவு தண்ணீரும் அந்த உடைப்பு வழியே வேகமாக ஓடும். கடலிலும் அதேதான். அலைகள் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கின்றன. அது திரும்பிப் போக வேண்டுமே! கடலுக்கடியில் உள்ள மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளமான இடம் பார்த்து, வாய்க்கால் போல ஓடிக் கடலுக்குத் திரும்புகிறது. அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. பார்வைக்கு அமைதியாக இருக்கும். இதைத்தான் 'ரிப் கரண்ட்' என்கிறார்கள். சில சமயம் இதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்திக் கரைசேர முடியாது.

2003-இல் எங்கள் தெருப் பிள்ளைகள் கடலில் இறங்கத் துடித்தபோது, "அலை கம்மியா இருக்கிற இடமாப் பார்த்து இறங்குங்கடா" என்று சொல்லி, கை நீட்டி ஓர் இடத்தைக் காட்டிய பெரியவர்களில் நானும் ஒருவன். அன்போடுதான் சொன்னேன். பத்திரமான இடம் என்று நம்பித்தான் காட்டினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, 'விதி' என்று சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு, அன்று காலையில்தான் விஷயம் விளங்கியது.

அன்று நான் செய்த இன்னொரு தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். பையனைக் கரைக்குக் கொண்டுவந்தபோது, கூட்டத்தில் சிலர் அவனைத் தலைகீழாகத் தூக்கினார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்த்தார்கள். மருத்துவம் படித்த நான் கை ஓடாமல் நின்றேன். ஒவ்வொரு நொடியும் உயிராக இருந்த அந்த நேரத்தில், செய்ய வேண்டியதை யாருமே செய்யவில்லை.

இழுத்துக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை. கரையிலிருந்து விலக்கி உள்ளே கொண்டுபோகிறது. கொஞ்ச தூரத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். ஆள் மூழ்குவது பெரும்பாலும் பயத்தாலும், எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதாலும்தான்.

ஆகவே, எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதங்கள். ஒரு கையை உயர்த்தி உதவிக்குக் கூப்பிடுங்கள். நீந்தத் தெம்பிருந்தால், கரையை நோக்கிப் போகாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அலை உடைகிற இடத்துக்கு வந்துவிட்டால், அந்த அலைகளே உங்களைக் கரைக்குத் தள்ளும். எங்கள் பயிற்சியாளர் மிதக்கும் சட்டை மாட்டிவிட்டு, தானும் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதை எங்களுக்குப் பழக்கிக் காட்டினார். நீங்களாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம்!

கரையில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதறியடித்துக்கொண்டு வெறுங்கையோடு குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் சாவது இப்படித்தான். மூடிய காலி பிளாஸ்டிக் கேன், கயிறு, பலகை, டியூப் என்று மிதப்பது எதுவானாலும் வீசுங்கள். மீனவர்களையும் உயிர்காப்பாளர்களையும் கூப்பிடுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்தபின் மூச்சு இல்லையா? தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் கூடவே கூடாது. உள்ளே இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். பொன்னான நேரமும் போய்விடும். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு பெரியவர்களுக்கு மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். ஆள் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே தீர வேண்டும். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். இதற்குச் சித்த மருந்தோ கைவைத்தியமோ தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

'எப்போதோ நடப்பதற்கு இவ்வளவு பேச்சா?' என்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி இறந்த ஐந்து பேரும் மருத்துவ மாணவர்கள். தொலைதூரக் கடலில் எழுந்து, இங்கே காற்றே இல்லாதபோதும் திடீரென்று கரையைத் தாக்கும் அலையைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. செய்தியில் அதைக் கேட்டால், அன்று கடலில் கால்கூட நனைக்காதீர்கள்.

யார் கற்கலாம்? யாருக்கு வேண்டாம்?

இதயநோய், கட்டுக்குள் வராத ரத்தக்கொதிப்பு, வலிப்புநோய், செவிப்பறையில் ஓட்டை, அடிக்கடி நழுவும் தோள்மூட்டு, முதுகுத் தட்டு விலகல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். பீனிசத் தொல்லை உள்ளவர்களுக்கு மூக்கில் உப்புநீர் ஏறித் தலைபாரம் கூடலாம். குடித்துவிட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஓர் அபூர்வமான ஆபத்து உண்டு. நெடுநேரம் முதுகைப் பின்னுக்கு வளைத்துப் பலகையில் படுத்திருப்பதால், சிலருக்குத் தண்டுவடத்துக்கு ரத்தம் போவது தடைபடுகிறது. திடீரென்று முதுகில் வலி, காலில் மரத்துப்போதல் அல்லது பலக்குறைவு தெரிந்தால் உடனே வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடிக்கடி எழுந்து உட்கார்ந்துகொள்வது நல்லது.

காலை வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். கடல் நீரில் நனைந்துகொண்டே இருந்தாலும் உடம்பு நீரை இழக்கும். இளநீரோ நீராகாரமோ குடியுங்கள். தோள்வலிக்கு உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாகத் தேய்த்து வெந்நீரில் குளிக்கலாம். காதில் தண்ணீர் போனால் எண்ணெய் விடவே விடாதீர்கள்; தலையைச் சாய்த்து வடியவிட்டாலே போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். கற்றுக்குட்டிகளுக்கு அது உகந்ததல்ல.

கடைசியாக...

ஊர் திரும்பியதும் தங்கை கேட்டாள். "என்னண்ணா, வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"இல்லேம்மா. போகட்டும். கத்துக்கிட்டவன் கடலைப் பார்த்து இறங்குவான். நாம பயந்து பயந்து எதையும் கத்துக்காமலே இருந்துட்டோம்" என்றேன். அவள் அரை மனதோடு தலையாட்டினாள். பையன் இப்போது மாதம் ஒருமுறை போய்வருகிறான். முதுகுவலிக்கு மருந்து கேட்டு வருவது குறைந்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் முன் மணிக்கொரு தரம் எழுந்து நடப்பதை விடாதே என்று சொல்லியிருக்கிறேன். அலை மட்டுமே மருந்தாகிவிடாது.

இன்னொரு வீட்டுக்கும் போனேன். 2003-இல் மகனைக் கொடுத்த அந்த நெசவாளி இன்னும் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அமைதியாகக் கிடந்த தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அந்த இடத்தை நானும்தான் காட்டினேன் என்பதையும் சொன்னேன். நாடா நின்றது. வெகுநேரம் அவர் பேசவில்லை. பாவின் இழைகளையே தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு, "அன்னிக்கு நமக்கு யாருக்கும் தெரியலே டாக்டரே. இனிமே போற பசங்களுக்காவது எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

அதைத்தான் இங்கே சொல்லியிருக்கிறேன்.